சேகரிப்பாளர் கூட்டங்கள் அளவுக்கு மீறிவிட்டனவா? கணித்தறியவும் தேர்ந்து செல்லவும் ஒரு வழிகாட்டி

தபால்தலையும் நாணயமும் சேகரிப்பவர்களிடையே ஒரு முறையீடு அடிக்கடி எழுகிறது. பரிமாற்றக் கூட்டங்களும் கண்காட்சிகளும் பெருகிவிட்டன, ஒன்று முடிவதற்குள் அடுத்ததற்கான அறிவிப்பு வந்துவிடுகிறது, எங்கே போனாலும் அதே விற்பனையாளர்களும் அதே பெட்டிகளும்தான் இருக்கின்றன என்பது அந்த முறையீடு. கூட்டங்கள் பெருகுவதே இந்தப் பொழுதுபோக்கு உயிரோடு இருப்பதற்கு அடையாளம் என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். இரு தரப்பினரும் எண்ணிக்கையை மட்டுமே வைத்துப் பேசுவதால் வாதம் முடிவுக்கு வருவதில்லை. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் புதிய சரக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சரக்கு புதுப்பிக்கப்படுவதற்குப் பிடிக்கும் காலத்தைவிட நெருக்கமாகக் கூட்டங்கள் நடந்தால் அவை அதிகம். அதைவிட இடைவெளி விட்டு நடந்தால், நாட்காட்டி எவ்வளவு நிரம்பியிருந்தாலும் அவை அதிகமல்ல. இந்த அளவுகோலை ஒரு சேகரிப்பாளர் தனக்காகவும், ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்காகவும் பயன்படுத்தும் முறையைக் கீழே விளக்குகிறேன்.

மூன்று வகைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாக் கூட்டங்களையும் ஒரே கணக்கில் சேர்ப்பதுதான் குழப்பத்துக்கு முதற்காரணம். பரிமாற்றக் கூட்டம் என்பது சேகரிப்பாளர்கள் தங்களிடம் மிகுதியாக உள்ள டூப்ளிகேட்டுகளைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் இடம். விற்பனைச் சந்தை என்பது தொழில்முறை விற்பனையாளர்கள் மேசைக்கு வாடகை கொடுத்துக் கடை விரிக்கும் இடம். போட்டிக் கண்காட்சி என்பது சேகரிப்புகள் சட்டகங்களில் வைக்கப்பட்டு நடுவர்களால் மதிப்பிடப்படும் இடம். பெரிய நிகழ்ச்சிகளில் இம்மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் என்றாலும், ஒவ்வொன்றுக்கும் இயல்பான இடைவெளி வேறு.

போட்டிக் கண்காட்சிக்கு நீண்ட இடைவெளி தேவை என்பதை இத்துறையில் முன்னே நின்றவர்கள் நெடுங்காலமாகவே உணர்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பன்னாட்டுத் தபால்தலைக் கண்காட்சிகள் 1913, 1926, 1936, 1947, 1956, 1966, 1976, 1986, 1997, 2006, 2016 என ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறையே நடந்துவந்திருக்கின்றன. லண்டனிலும் 1980, 1990, 2000, 2010 என்று அதே முறையில் நடந்தன. 2020இல் நடந்திருக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2022இல் நடந்தது. இந்த இடைவெளிக்குப் பின்னால் நியாயமான காரணம் உண்டு. 1926இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தபால்தலைச் சேகரிப்புக் கூட்டமைப்பின் ஆதரவில் நடக்கும் போட்டிகளில் ஒரு சட்டகத்தில் வழக்கமாக 16 ஏ4 தாள்கள் இடம்பெறும். ஐந்து சட்டகங்கள் கொண்ட ஒரு படைப்பென்றால் 80 தாள்கள். அந்த 80 தாள்களிலும் ஆய்வும் அரிய பொருளும் ஒழுங்கான விளக்கமும் இருக்க வேண்டும் என்றால், அவற்றை உருவாக்கவும் நடுவர்களின் குறிப்புகளைப் பெற்றுத் திருத்தவும் ஆண்டுகள் ஆகின்றன.

விற்பனைச் சந்தைக்கு அவ்வளவு இடைவெளி வேண்டியதில்லை. நாணயத் துறையின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்றான உலக நாணயச் சந்தை 1972இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் தொடங்கி, 2006 முதல் பெர்லினில் ஆண்டுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. பரிமாற்றக் கூட்டத்தையோ மாதந்தோறும்கூட நடத்தலாம்; ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

புதுச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

பழைய தபால்தலையையோ நாணயத்தையோ யாரும் புதிதாக உற்பத்தி செய்வதில்லை. புதிய வெளியீடுகளை விட்டுவிட்டால், சந்தைக்கு வரும் நல்ல பொருள் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய ஆல்பத்திலிருந்துதான் வர வேண்டும். ஒருவர் காலமான பிறகு குடும்பத்தார் அவருடைய சேகரிப்பை விற்பது, முதுமையினால் தாமே பிரித்துக் கொடுப்பது, ஒரு துறையை விட்டு வேறு துறைக்கு மாறுவதற்காக விற்பது, பழைய வணிக நிறுவனத்தின் கடிதக் கட்டுகள் வெளிவருவது ஆகியவையே முக்கியமான ஊற்றுகள். இவை நாட்காட்டியைப் பார்த்து ஊறுவதில்லை. ஒரு பகுதியில் ஆண்டுக்கு நான்கு நல்ல சேகரிப்புகள் சந்தைக்கு வருமென்றால், அங்கே நான்கு சந்தைகள் நடந்தாலும் பன்னிரண்டு நடந்தாலும் வரப்போவது அந்த நான்குதான். பன்னிரண்டு நடக்கும்போது அதே பொருள் மெல்லியதாகப் பரவிக் கிடக்கும், அவ்வளவே.

விற்பனையாளரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேசை வாடகை, பயணம், தங்குமிடம், சரக்கைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்லும் செலவு ஆகிய அனைத்தையும் ஈட்டிய பிறகே அவருக்கு ஆதாயம். அடுத்தடுத்த வாரங்களில் சந்தைகள் நடந்தால், வருகிற வாடிக்கையாளர்கள் பிரிந்துபோவதால் ஒவ்வொன்றிலும் விற்பனை குறையும். செலவோ ஒவ்வொன்றிலும் முழுமையாக இருக்கும். அதை ஈடுகட்ட அவர் விலையை உயர்த்துவார், அல்லது சிறந்த பொருளை ஏலத்துக்கும் இணைய விற்பனைக்கும் ஒதுக்கிவிட்டு எளிதில் விற்கக்கூடிய சாதாரணச் சரக்கை மட்டும் எடுத்து வருவார். இணைய ஏலத் தளமான ஈபே 1995இல் தொடங்கப்பட்டது முதல், ஒரு நல்ல பொருளுக்கு உலகம் முழுவதிலுமிருந்து வாங்குவோரைத் தேடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்கிறது. எனவே கூட்டங்களில் புதுமை இல்லை என்று குறைகூறும்போது, கூட்டங்களின் நெருக்கமே அந்தப் புதுமையை வெளியேற்றுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பொருள் எல்லா மேசையிலும் தென்படுவது அது அரியது என்பதற்குச் சான்றாகாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். 1840இல் வெளிவந்த உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான பென்னி பிளாக் ஏறத்தாழ 6.8 கோடி அச்சிடப்பட்டது. அதைப் பெரிய சந்தைகளில் காணாமல் திரும்புவதுதான் கடினம். இத்தகைய பொருளை வாங்க எண்ணுகிறவர் எந்தச் சந்தைக்கும் அவசரப்பட வேண்டியதில்லை. நல்ல விளிம்பும் தெளிவான அஞ்சல் முத்திரையும் உள்ள தபால்தலைக்காகக் காத்திருப்பதே அவருக்கு வேலை.

ஓராண்டுக்குக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்

அதிகமா, போதுமா என்பதை உணர்வை வைத்து முடிவு செய்யாமல், செல்லும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கம் எழுதி வாருங்கள். எத்தனை மேசைகள் இருந்தன, அவற்றுள் எத்தனை மேசைகளை முந்தைய கூட்டத்திலேயே பார்த்திருந்தீர்கள், அப்படிப் பார்த்த மேசைகளில் புதிதாகச் சேர்ந்த பெட்டியோ ஆல்பமோ இருந்ததா, உங்கள் தேவைப் பட்டியலில் உள்ளவற்றுள் எத்தனை கண்ணில் பட்டன, அவற்றுள் எத்தனையை வாங்கத்தக்க நிலையில் கண்டீர்கள் என்பவற்றைக் குறித்தால் போதும். வாங்கியவற்றை மட்டும் எழுதுவது தவறான முடிவைத் தரும். ஏனெனில் ஏமாற்றத்தோடு திரும்ப மனமில்லாமல் தேவையற்றதை வாங்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. தேவைப் பட்டியலில் இல்லாத பொருளை வாங்கினால் அதைத் தனியே குறியுங்கள். அந்த வரிசை நீண்டுகொண்டே போகிறதென்றால், நீங்கள் சரக்கின் அளவைவிட அடிக்கடி சந்தைக்குப் போகிறீர்கள் என்று பொருள்.

ஆண்டு முடிவில் இரண்டு வகைக் கூட்டங்கள் தாமே வெளிப்படும். சிலவற்றில் மேசைகள் பழையனவாக இருந்தும் சரக்கு புதிதாக இருந்திருக்கும். அவை தொடர்ந்து செல்லத்தக்கவை. வேறு சிலவற்றில் மேசையும் பழையது, சரக்கும் பழையது. அவற்றுள் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குச் சென்றால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

இந்தக் குறிப்பேட்டின் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். புதிதாகத் தொடங்கியவருக்கு எந்தப் பெட்டியும் பழையதல்ல. ஒரே மேசைக்கு மூன்று முறை போனாலும் மூன்றாம் முறையில்தான் அவருடைய கண் சில வேறுபாடுகளைப் பிடிக்கத் தொடங்கும். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளில் எட்டும் தூரத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் செல்லலாம் என்றே புதியவர்களுக்குச் சொல்வேன். உலகம் முழுவதையும் சேகரிக்கும் பொதுச் சேகரிப்பாளருக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். ஒரு நாட்டின் ஒரு காலகட்டத்தை, அல்லது ஓர் அரச மரபின் செப்புக் காசுகளை மட்டும் சேகரிப்பவருடைய நிலை இதற்கு நேர்மாறானது. அவருக்குத் தேவையான பொருள் ஆண்டில் ஒன்றிரண்டு வெளிவந்தாலே பெரிது. அவர் பல கூட்டங்களைத் துறந்து, தம் துறைக்குரிய ஏல அட்டவணைகளைப் படிப்பதிலும், தம் துறையில் ஈடுபட்ட பிறருடன் கடிதத் தொடர்பு கொள்வதிலும் அந்த நேரத்தைச் செலவிடுவதே பயனுள்ளது. "கூட்டங்கள் மிகுந்துவிட்டன" என்று சொல்பவர்களுள் பெரும்பாலோர் இந்த இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டவர்கள். தமக்கு மிகையானது அனைவருக்கும் மிகை என்று அவர்கள் முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பைக் கொண்டு தரம் பிரியுங்கள்

இணையத்தில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் கூட்டத்துக்குப் போவதற்கு மிக உறுதியான காரணம், பொருளை நேரில் ஆராய முடிவதுதான். தபால்தலைத் தாளுக்குள்ளேயே மறைந்திருக்கும் நீர்க்குறி என்ற அடையாளத்தைத் தாளை ஒளியில் பிடித்தோ, அதற்குரிய திரவத்தில் நனைத்தோதான் காண முடியும். தபால்தலைகளைக் கிழித்துப் பிரிப்பதற்காக ஓரங்களில் இடப்படும் துளைகளின் அளவை, இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளைகள் என்று அளவுகோல் வைத்து எண்ண வேண்டும். துளையிட்ட ஓரத்தைப் பிற்காலத்தில் யாரேனும் சேர்த்திருந்தால், அந்த ஓரத்தின் துளைகள் மற்ற ஓரங்களோடு பொருந்தாமல் நிற்பதை அப்போது கண்டுகொள்ளலாம். பின்புறம் பழைய பசைக்குப் பதிலாகப் புதுப்பசை (மறுபசை) பூசப்பட்டிருப்பதைப் புகைப்படம் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பதில்லை. நாணயமோ ஒளியின்கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்பினால்தான் தன் உண்மையைச் சொல்லும்: தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்ட காசில் மெல்லிய கோடுகள் தெரியும், அச்சடித்தபோது உண்டான பளபளப்பு வட்டமாகச் சுழலாமல் செத்துக் கிடக்கும்.

ஆகையால் ஒரு கூட்டத்தை மதிப்பிடும்போது மேசைகளின் எண்ணிக்கைக்கு முன்பாக, அங்கே உட்கார இருக்கை உண்டா, போதிய வெளிச்சம் உண்டா, விற்பனையாளர் பொறுமையாகப் பார்க்க விடுகிறாரா என்பதைக் கவனியுங்கள். நூறு மேசைகளுக்கு நடுவே நெரிசலில் நின்றபடி பார்ப்பதைவிட, பதினைந்து மேசைகள் உள்ள சிறிய கூட்டத்தில் அமர்ந்து ஒரு ஆல்பத்தை முழுமையாகப் பார்ப்பது பயன் மிகுந்தது. உருப்பெருக்கி, துளை அளவுகோல், சாமணம், சிறிய விளக்கு, தேவைப் பட்டியல் ஆகியவை இல்லாமல் செல்லும் கூட்டம் எதுவானாலும் பாதி வீண். தரம் பிரிக்கும் நிறுவனங்களால் மூடி முத்திரையிடப்பட்ட நாணயங்களை மட்டும் வாங்குபவருக்கு இந்தத் தேவை ஓரளவு குறைவு. நாணயத்தின் நிலைக்கு 1 முதல் 70 வரை எண் தரும் ஷெல்டன் அளவுகோலின்படி தரப்படுத்தப்பட்ட அத்தகைய நாணயங்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து பரவலாகிவிட்டன. ஆயினும் ஒரே தர எண் பெற்ற இரு நாணயங்கள் கண்ணுக்கு ஒரே அழகில் இருப்பதில்லை என்பதால், அவரும் நேரில் பார்ப்பதை முழுமையாகக் கைவிடக் கூடாது.

பரிமாற்றக் கூட்டம் சலித்துப்போவதைத் தடுத்தல்

மாதந்தோறும் அதே பத்துப் பன்னிரண்டு பேர் கூடினால் சில மாதங்களுக்குள் அவரவர் டூப்ளிகேட்டுகள் தீர்ந்துவிடும். அதன்பின் அவற்றைச் செருகி வைக்கும் ஸ்டாக்புக்கில் எஞ்சியிருப்பது யாருக்கும் வேண்டாத பொருளே. இதைக் கண்டு கூட்டத்தையே நிறுத்திவிடத் தேவையில்லை. பரிமாற்றத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, இடைப்பட்ட மாதங்களில் ஓர் உறுப்பினர் தம் சேகரிப்பின் ஒரு பகுதியைக் காட்டி விளக்கலாம், போலிகளை இனங்காணப் பயிற்சி தரலாம், அருகிலுள்ள வேறொரு சங்கத்தை அழைக்கலாம். வேறு சங்கத்தார் ஐந்து பேர் வந்தாலே பரிமாற்றம் புத்துயிர் பெறுவதைக் காணலாம்.

உறுப்பினர்கள் தத்தம் டூப்ளிகேட்டுகளைச் சிறு புத்தகங்களில் ஒட்டி விலை குறித்து, அஞ்சல் மூலம் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் சுற்றுக்கு விடும் முறையும் உண்டு. 1886இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தபால்தலைச் சங்கம் போன்ற பெரிய அமைப்புகள் இதை நீண்டகாலம் நடத்திவந்திருக்கின்றன. ஊர்விட்டு ஊர் போக இயலாத முதியவர்களுக்கும், சிறப்புத் துறையில் ஈடுபட்டவர்களுக்கும் கூட்டங்களைக் கூட்டுவதைவிட இந்தச் சுற்றுப் புத்தகம் நல்லது. பரிமாற்றத்தின்போது கேட்லாக் எனப்படும் விலைப்பட்டியல் நூலில் உள்ள மதிப்பை மட்டும் ஒப்பிடாமல் நிலையையும் ஒப்பிடுங்கள். தாள் மெலிந்த பகுதியோ கிழிந்த துளையோ உள்ள தபால்தலையை முழுமதிப்புக்கு ஈடாக நீட்டுவது ஒரு கூட்டத்தின் நம்பிக்கையைக் குலைக்கும். சிறுவர்களுடன் மாற்றும்போது பெரியவர்கள் சற்று விட்டுக்கொடுத்தே மாற்ற வேண்டும்.

புதிதாக ஒன்றைத் தொடங்க எண்ணும் சங்கங்களுக்கு

ஒரு சங்கம் புதிய கண்காட்சியை அறிவிப்பதற்கு முன், கலந்துகொள்ளக்கூடிய விற்பனையாளர்களிடம் வெளிப்படையாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: முந்தைய சந்தைக்கும் எங்கள் சந்தைக்கும் இடையில் உங்களால் புதுச் சரக்கு திரட்ட முடியுமா? தயக்கத்தோடு பதில் வந்தால் தேதியைத் தள்ளுவதே அறிவுடைமை. நெருக்கமான தேதிகள் எப்போதுமே கேடு என்றும் சொல்லிவிட முடியாது. நாணயத் துறையில் புளோரிடாவிலும் நியூயார்க்கிலும் நடக்கும் பெரிய நிகழ்ச்சிகள் ஜனவரியிலேயே அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் ஒன்று அமெரிக்க நாணயங்களுக்கும் மற்றொன்று பண்டைய, அயல்நாட்டு நாணயங்களுக்கும் முதன்மை தருவதால் ஒன்றையொன்று விழுங்காமல் நிலைத்திருக்கின்றன. தேதியில் நெருங்கி, பொருளில் விலகி நிற்பது இயலும். தேதியிலும் தொலைவிலும் பொருளிலும் நெருங்கி நிற்கும் இரண்டு கூட்டங்களுள் ஒன்று நலியத்தான் செய்யும்.

என் கணிப்பில் மிகையாக இருப்பவை மிகப் பெரியனவும் அல்ல, மிகச் சிறியனவும் அல்ல. பெரியவை ஏலங்களையும் தொலைதூர விற்பனையாளர்களையும் அரிய காட்சிப் பொருள்களையும் ஈர்க்கின்றன. சிறியவை புதியவர்களை வரவேற்கின்றன. அரிய காட்சியும் இல்லாமல், அமைதியான பேச்சுக்கு இடமும் இல்லாமல், ஒன்றைப் பார்த்து மற்றொன்றாக நடத்தப்படும் நடுத்தர அளவிலான இரண்டுநாள் சந்தைகளே மிகுந்திருக்கின்றன. அவற்றுள் இரண்டை இணைத்தால் இரண்டின் விற்பனையாளர்களும் ஓரிடத்தில் கூடுவார்கள், உழைக்கும் கைகளும் இரட்டிப்பாகும். இந்தக் கடைசிக் காரணத்தைச் சங்கங்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. சட்டகங்களைத் தூக்கி நிறுத்துவதும், வரவேற்பு மேசையில் உட்காருவதும், இரவில் காவல் ஏற்பாட்டைக் கவனிப்பதும் பெரும்பாலும் அதே சில தொண்டர்கள்தாம். மேசைகள் நிரம்பாததால் ஒரு கண்காட்சி சிறுத்துப்போகலாம்; தொண்டர்கள் சோர்ந்துபோனால் அது நின்றே போகும். இணைப்பதற்கு மனம் வராவிட்டால் ஓராண்டு ஒரு சங்கமும் மறு ஆண்டு மற்றொரு சங்கமுமாகப் பொறுப்பை மாற்றி ஏற்கலாம்.

போட்டியில் பங்கேற்பவர்களும் தங்கள் பங்குக்கு நிதானம் காட்டலாம். ஒரே படைப்பை ஒரே ஆண்டில் பல இடங்களுக்கு அனுப்பினால் நடுவர்களின் குறிப்புகளைப் படித்துத் திருத்த நேரம் இருக்காது, மதிப்பெண் அசையாது, ஒவ்வொரு பயணத்திலும் பொருளுக்கு ஆபத்து மட்டும் மிஞ்சும். ஒரு கண்காட்சிக்குப் பிறகு குறைந்தது ஒரு சட்டகத்தையாவது புதிதாக எழுதாமல் அடுத்ததற்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

ஆண்டுத் திட்டம் இடுதல்

திட்டத்தை நாட்காட்டியிலிருந்து தொடங்காமல் தேவைப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். பட்டியலில் உள்ளவற்றை, எங்கும் கிடைப்பவை, தேடினால் கிடைப்பவை, காத்திருந்தே பெற வேண்டியவை என்று பிரித்தால், முதல் வகைக்கு அருகிலுள்ள சங்கக் கூட்டமே போதும் என்பதும், மூன்றாம் வகைக்குச் சந்தையைவிட ஏலமே வழி என்பதும் தெளிவாகும். சந்தைப் பயணங்களை நடு வகைக்காகவே வகுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு ஆண்டில் ஒரு பெரிய நிகழ்ச்சியும், போதிய இடைவெளியோடு இரண்டு மூன்று சந்தைகளும், தம் சங்கத்தின் கூட்டங்களும் போதும்.

நல்ல பொருளைத் தேடுபவர் முதல்நாள் காலையிலேயே செல்ல வேண்டும். கதவு திறக்கும் முன்பே விற்பனையாளர்கள் தமக்குள் வாங்கி விற்றுக்கொள்வதால் முதல் மணிநேரத்துக்குப் பின் சிறந்தவை கைமாறியிருக்கும். பெட்டிகளில் கிளறி மலிவாக வாங்க விரும்புபவர் கடைசி நாள் பிற்பகலில் போகலாம். திரும்பச் சுமக்க விரும்பாத சரக்கை விற்பனையாளர் அப்போது விட்டுக்கொடுப்பார்.

இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் மோதினால், உங்களுக்கென்று பொருளை எடுத்து வைக்கும் விற்பனையாளர் எங்கே வருகிறாரோ அங்கே செல்லுங்கள். எந்த விற்பனையாளரும் தம் சரக்கு முழுவதையும் சந்தைக்குக் கொண்டுவருவதில்லை. எதைக் கேட்பார்கள் என்று அவர் ஊகிப்பதை மட்டுமே பெட்டியில் அடுக்குகிறார். மூன்று வாரங்களுக்கு முன்பே உங்கள் பட்டியலில் ஐந்தாறு உருப்படிகளை, நாடு, ஆண்டு, கேட்லாக் எண், நீங்கள் ஏற்கும் நிலை ஆகியவற்றோடு எழுதி அவருக்கு அனுப்பிவிட்டால், வீட்டு அலமாரியில் கிடப்பதில் உங்களுக்குப் பொருந்துவதை எடுத்து வருவார். அவர் எடுத்து வந்ததை வாங்காவிட்டாலும், ஏன் வாங்கவில்லை என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை எதை எடுத்து வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.